கல் அடுப்பு

ஸ்காட்லாந்தின் வடக்கே ஓர்க்னித் தீவுகளுக்குப் போனபோது கையில் பணம் குறைவு. பொது விடுதியில் ஒரு கட்டில், பையில் ரொட்டி. பிராட்கர் கல்வட்டத்துக்குக் கட்டணமில்லை. மழையில் நனைந்தபடி சுற்றி வந்தேன். ஸ்காரா பிரேவுக்கு நுழைவுச்சீட்டு உண்டு. வாங்கினால் இரவும் ரொட்டிதான். அடுத்தமுறை பார்க்கலாமே என்று தயங்கிப் பின் வாங்கினேன்.

1850ஆம் ஆண்டுப் புயல் மணலை விலக்கிக் காட்டிய ஊர் அது. ஏறத்தாழ 5000 ஆண்டுப் பழமை. மரம் அரிதான தீவு. கட்டிலும் அலமாரியும் கல்லே. நடுவில் அடுப்பு. மேலிருந்து குனிந்து பார்க்கையில், யார் வீட்டையோ கேளாமல் எட்டிப்பார்ப்பதுபோல் கூச்சமாயிருந்தது.

அருகிலேயே கடல். ஊரைக் காட்டித்தந்த அதுவே கரையை அரிக்கிறது. தடுப்புச்சுவர் எழுப்பிக் காக்கிறார்கள். அடுத்தமுறை என்ற சொல்லை அங்கேயே விட்டுவந்தேன்.

அன்றிரவு பசித்தது. வருத்தமில்லை.