கதவைக் கொஞ்சம் சாத்துங்களேன்!

கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில் இருக்கிறது அந்த கிளினிக். டாக்டர் கைராசிக்காரர் என்று பெயர். ஃபீஸ் 200 ரூபாய்தான். கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா?

போன மாதம் தலைச்சுற்றல் என்று போனேன். மூச்சு வாங்கப் படியேறி நின்றவளுக்கு, டோக்கன் கொடுக்கும் பெண் உடனே பிரஷர் பார்த்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு 170!" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பு வேறு. பக்கத்திலிருந்த மாமி, "உப்பைக் குறைங்கோ" என்று வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டார். 5 மணிக்கு டோக்கன் வாங்கியவள் உள்ளே போகும்போது மணி 8.

டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்ததும் மாத்திரை எழுதிவிடவில்லை. "படியேறின உடனே பார்த்தா அப்படித்தான் காட்டும்" என்றவர், 5 நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்காரச் சொன்னார். கால் மேல் கால் போடக் கூடாதாம். கையை மேஜை மேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து அவரே பார்த்தார். 136/84. "ஒரு வாரம் வீட்டுல காலையும் சாயங்காலமும் இதே மாதிரி பார்த்து எழுதிட்டு வாங்க. மாத்திரை வேணுமான்னு அப்புறம் முடிவு பண்ணலாம்." கைராசி என்பது இந்த நிதானம்தான் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. மாதவிடாய் நின்று 2 வருடம் கழித்து, அந்த வாரம் லேசாக உதிரப்போக்கு. எப்படிச் சொல்வது? என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் அடுத்த டோக்கன்காரர். திறந்த கதவில் சாய்ந்தபடி அதற்கும் அடுத்தவர். நேரம் மிச்சம் என்று அங்கே அதுதான் வழக்கம்.

"டாக்டர், கொஞ்சம் தனியா பேசணும்" என்றேன். நிமிர்ந்து பார்த்தவர், உடனே எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார். "பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் ஆனப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் காட்டியே ஆகணும்மா. பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இருக்காது. ஆனா சில பேருக்குக் கர்ப்பப்பை புற்றுநோயோட முதல் அறிகுறியே இதுதான். சீக்கிரம் கண்டுபிடிச்சா குணப்படுத்த முடியும்" என்று மகளிர் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார்.

ஸ்கேன், பயாப்சி என்று 10 நாள் வயிற்றில் புளியைக் கரைத்தது. கடைசியில் 'பாலிப்' எனும் சின்னச் சதை வளர்ச்சிதான். எடுத்தாகிவிட்டது. புற்று இல்லை.

ஆனால் மனசு ஆறவில்லை. தலைச்சுற்றலை மட்டும் சொல்லிவிட்டு, மற்றதை விழுங்கிக்கொண்டு அந்தப் படியிறங்கிய பெண்கள் எத்தனை பேரோ?

ரிப்போர்ட்டைக் காட்டப் போனபோது டாக்டரிடமே கேட்டேன். "கூட்டம் தாங்கலைம்மா" என்று இழுத்தார். போன வாரம் போனால், நடுவில் பச்சைத் திரை தொங்குகிறது! ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் அடுத்த டோக்கன்காரர் உட்கார்ந்துதான் இருக்கிறார். திரை கண்ணை மறைக்கும், காதை மறைக்குமா?

அதனால், தோழிகளே, கதவைச் சாத்தச் சொல்லத் தயங்காதீர்கள். 3 மணி நேரம் காத்திருப்பதே அந்த 5 நிமிடத்துக்குத்தானே!