மறுமுனை பேசாதபோது

கன்ட்ரோல் ரூம் கதவைச் சாத்தியதும் யார்டின் உறுமல் அடங்கிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுற்றும் காற்றாலைகளின் மின்சாரம் வந்து சேரும் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இது. காற்று சீசன் முடிந்த பிறகுதான் இங்கே லைனுக்கு ஷட்டவுன் கேட்கவே முடியும். எல்.சி. (லைன் கிளியர்) வாங்கி, இரு முனைகளிலும் எர்த் போட்டு முடித்திருந்தார்கள். மீட்டர், ரிலே சோதனை செய்யும் எம்.ஆர்.டி. பிரிவின் உதவி செயற்பொறியாளர் ரிலே பேனலுக்குப் பின்னால் குனிந்து நின்றார்.

"இதைப் பாருங்க சார்" என்று அவர் காட்டிய இடத்தில் தீக்குச்சித் தடிமனில் இரண்டு மஞ்சள் வயர்கள். ஆப்டிகல் ஃபைபர். ஒன்றில் பேச்சு போகிறது, மற்றதில் வருகிறது. அடுத்த அறையின் மல்டிபிளெக்ஸர் வழியாக, டவர் உச்சியில் ஓடும் எர்த் வயருக்குள் புகுந்து மறுமுனை ரிலேவைப் போய்ச் சேர்கிறது. இந்த முனையில் எத்தனை ஆம்பியர் நுழைகிறது, அந்த முனையில் எத்தனை வெளியேறுகிறது என்று இரண்டு ரிலேக்களும் ஓயாமல் சொல்லிக்கொள்கின்றன. கணக்கு உதைத்தால் நடுவில் எங்கோ பழுது. பிரேக்கர் திறந்தாக வேண்டும். 400 கிலோவோல்ட் லைனுக்கு விதி தரும் நேரம் 100 மில்லிசெகண்ட். பிரேக்கர் திறக்கவே ஏறக்குறைய 40 போய்விடும். செய்தி போவதும் முடிவெடுப்பதும் மிச்சத்துக்குள்.

தன் முனையில் தெரிவதை வைத்தே ரிலே முடிவெடுக்கக் கூடாதா என்று கேட்டேன். 2012 ஜூலை 30 அதிகாலையைச் சொன்னார். பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைனில் அன்று பழுதே இல்லை, சுமைதான் மிக அதிகம். தன் முனையை மட்டும் பார்க்கும் டிஸ்டன்ஸ் ரிலே அதைத் தூரத்துப் பழுதாக எடுத்துக்கொண்டு லைனைத் துண்டித்தது. வட மண்டல கிரிட் சரிந்தது. மறுநாள் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. நாம் தப்பியதற்குக் காரணம், அப்போது தென் மண்டலம் மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் பிணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் பிணைத்துவிட்டது. இனி அங்கே ஒரு ரிலே தப்பாக முடிவெடுத்தால் இங்கேயும் ஆடும்.

அப்படியென்றால் மறுமுனையோடு பேசுவதே நல்லது. ஆனால் பேச்சிலும் சிக்கல் உண்டு. ஒப்பிடும் இரண்டு அளவுகளும் ஒரே கணத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். அதற்காக ரிலே ஒரு செய்தியை அனுப்பி, அது போய்த் திரும்பிவரும் நேரத்தை அளந்து, அதில் பாதியை ஒருவழி நேரம் என்று வைத்துக்கொள்கிறது. போக 3 மில்லிசெகண்ட், வர 5 என்றால்? 4 என்று கணக்குப் போடும். ஒரு மில்லிசெகண்ட் பிசகும். 50 ஹெர்ட்ஸில் அது 18 டிகிரி. 1000 ஆம்பியர் ஓடும் நல்ல லைனில் சுமார் 310 ஆம்பியர் காணாமல் போனதாகத் தெரியும். எங்கோ ஃபைபர் அறுந்து, மல்டிபிளெக்ஸர் ஒரு திசையை மட்டும் சுற்றுப்பாதையில் திருப்பிவிட்டாலே இது நடக்கும். இணைப்பு நூறு சதவீதம் உயிரோடு இருக்கும், ஒரு பைட்கூடத் தொலையாது, லைன் போய்விடலாம். இணைப்பு அறுவதைவிட இதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

இப்படி மறுமுனையோடு பேசும் ரிலேதான் மெயின்-1. பக்கத்துப் பேனல் மெயின்-2, டிஸ்டன்ஸ் ரிலே. தனி பேட்டரி, பிரேக்கரில் தனி டிரிப் காயில். லைனின் முதல் 80 சதவீதத்துக்குள் பழுது என்றால் யாரையும் கேட்காமல் துண்டிக்கும். அதற்கப்பால் சந்தேகம் வந்துவிடும்: பழுது நம் லைனின் கடைசியிலா, அடுத்த நிலையத்துக்கும் அந்தப் பக்கமா? அதனால் சுமார் மூன்றில் ஒரு செகண்ட் காத்திருக்கும். 'என் பக்கத்தில்தான் பழுது, துண்டி' என்று மறுமுனை சொன்னால் காத்திருக்காது. இதையே தலைகீழாகவும் அமைக்கலாம்: 'பழுது எனக்கு அப்பால், துண்டிக்காதே' என்று மறுமுனை தடுக்க வேண்டும். இரண்டும் வேலை செய்யும். செய்தி வராதபோதுதான் வித்தியாசம். முதல் அமைப்பில் துண்டிப்பு தாமதமாகும். இரண்டாவதில் நல்ல லைன் விழும். சிக்னல் மின்கம்பி வழியாகவே போகும் இடங்களில் பழுதே சிக்னலை விழுங்கிவிடலாம், அதனால் இரண்டாவதை விரும்புபவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. காற்றாலைச் சுமையைத் தாங்கும் இந்த லைனுக்கு நான் முதலாவதையே வைப்பேன்.

டெஸ்ட் கிட்டை மாட்டினார். இரண்டு ஃபைபரையும் உருவி, முனைகளுக்கு மூடி போட்டார். ரிலேயில் சேனல் கோளாறு விளக்கு எரிந்தது. பழுது போலவே கரன்ட் கொடுத்தார், மெயின்-1 அசையவில்லை. அதே பழுதை மெயின்-2வுக்குக் கொடுத்ததும், படீரென்று டிரிப் ரிலே விழுந்தது. ஃபைபர் நன்றாக இருப்பதைக் காட்டும் சோதனை எத்தனை செய்தாலும், உருவிப் பார்க்காத ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது அவர் கட்சி. எனக்கும் அதுவே சரி.

பிறகு வரும் ஃபைபரை மட்டும் செருகினார். நம் ரிலேவுக்கு மறுமுனை கேட்கிறது. நாம் பேசுவது அங்கே கேட்கவில்லை. இந்த அரைகுறை நிலையில் ஒன்று ஒதுங்கி மற்றது முடிவெடுத்தால் வம்பு. "அங்க என்னண்ணே காட்டுது?" என்று போனில் கேட்டார். அங்கும் சேனல் விளக்கு எரிந்தது, இங்கும். 'உன்னைக் கேட்க முடியவில்லை' என்பதையும் மறுமுனை ரிலே தன் செய்திக்குள் வைத்தே அனுப்புகிறது. இரண்டு மெயின்-1களும் சேர்ந்தே ஒதுங்கிக்கொண்டன.

குறித்துக்கொண்டு, ஃபைபரை முழுதாக மாட்டிவிட்டு, ஒரு திசையை மட்டும் சுற்றுப்பாதைக்கு மாற்றச் சொல்லித் தகவல்தொடர்புப் பிரிவைக் கூப்பிட்டார். எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.