விழுங்கியதும் புரையேறியதும்

“குழந்தை எதையோ விழுங்கிவிட்டது” என்னும் வாக்கியத்தில் இரு வேறு நிகழ்வுகளை நாம் அடக்கிவிடுகிறோம். தொண்டைக்குக் கீழே வழி இரண்டாகப் பிரிகிறது: முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழல். பின்வழியில் இறங்குவது விழுங்குதல். முன்வழியில் நுழைவது புரையேறுதல். தமிழில் இரண்டுக்கும் தனிச்சொற்கள் உண்டு. வங்காளியிலும் புரையேறுதலைப் ‘பிஷம்’ என்று பிரித்தே சொல்கிறார்கள். ஆய்வின் பொருட்டுச் சாந்த்ராகாச்சியில் குடியிருக்கும் எனக்கு இதில் வியப்பளித்தது வேறொன்று. புரையேறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று நாம் சொல்வதைப் போலவே இவர்களும் சொல்கிறார்கள். நம்மைப் போலவே தலையில் தட்டுகிறார்கள். மீன்முள் சிக்கினால் அங்கும் இங்கும் சோற்றுருண்டைதான். மொழிகள் கவனமாகப் பிரித்து வைத்ததைக் கைவைத்தியம் மீண்டும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் புரையேறுதல். இவ்வூர் ரயில்களில் விற்கும் ஜால்முரியில் வேர்க்கடலை தவறாமல் இருக்கும். கடைவாய்ப்பல் முழுதாக முளைக்காத குழந்தைக்கு அது தின்பண்டம் அன்று. மூச்சுவழியை அடைக்கத்தக்க பொருள். நான்கு வயது வரை முழுக் கடலையைத் தரலாகாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அடைப்பு நேர்ந்த குழந்தை உரக்க இருமினால் இருமவிட வேண்டும். குரலும் இருமலும் எழாமல் முகம் நீலம்பாரித்தால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் தலை தாழ்ந்திருக்கக் குப்புறக் கிடத்தி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாத்தி நெஞ்செலும்பின் மீது 5 முறை அழுத்த வேண்டும். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு முதுகில் 5 தட்டு. அடுத்து, தொப்புளுக்கு மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியுமாக 5 அழுத்தம். பொருள் வெளிவரும் வரை இவற்றை மாறிமாறிச் செய்ய வேண்டும். அதற்குள் ஒருவர் 112-ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை வாய்க்குள் விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழத்துக்குப் போகும்.

இருமல் தணிந்துவிட்டால் ஆபத்து நீங்கியதாகாது. நுரையீரலின் கிளைக்குழலில் தங்கிய கடலை சில நாள் அமைதியாக இருந்துவிட்டு, பின்னர் ஓயாத இருமலாகவும் நிமோனியாவாகவும் வெளிப்படும். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. “அன்று கடலை தின்னும்போது புரையேறியது” என்று யாரேனும் நினைவுகூர்ந்து சொன்னால்தான் மருத்துவருக்குத் துப்புக் கிடைக்கும்.

சொல்லத் தெரிந்தவருக்கு நேர்ந்த கதை ஒன்று உண்டு. 1843 ஏப்ரலில், இங்கிலாந்தின் ரயில்பாதைப் பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனல், பிள்ளைகளுக்கு வித்தை காட்டும்போது வாயிலிருந்த அரைச்சவரன் பொற்காசை மூச்சுக்குழலுக்குள் இழுத்துக்கொண்டார். கழுத்தில் துளையிட்டு இடுக்கியால் தேடியும் அது கிட்டவில்லை. தம்மைப் பலகையில் கட்டித் தலைகீழாகச் சாய்க்கச் செய்தார். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின் காசு வெளியே விழுந்தது. உள்ளே போனது என்ன, எப்போது போனது என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. இரண்டரை வயதுக் குழந்தையால் அதைச் சொல்ல இயலாது. அதன் சார்பில் யார் சொல்வது?

இக்கேள்வி எனக்கு ஏட்டுக்கேள்வியாக இல்லாமற்போனது ஒரு காளி பூஜையின் மறுநாள் மாலையில். கீழ்வீட்டுக் குழந்தைக்கு எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது, தண்ணீரைக்கூடத் துப்பியது. பாட்டி சோற்றை உருட்டினார். அண்டைவீட்டார் வாழைப்பழம் கொண்டுவந்தார். தகப்பனார் மனைவியை நோக்கி, “நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?” என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் “ஒரு ரூபாய்க் காசுதான்” என்று மட்டும் சொன்னார். மாடிப்படிக்கு அவரை அழைத்துச்சென்று, “உங்களை யாரும் ஏசப் போவதில்லை, காசை நீங்கள் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றவர், “திதி, இதைப் பாருங்கள்” என்று முந்தானைக்குள்ளிருந்து பூஜைக்கு வாங்கிய மின்மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்தார். அடிமூடியைக் காணோம், பேட்டரியையும் காணோம்.

அத்தகைய விளக்குகளில் இருக்கும் பட்டன் பேட்டரியின் விட்டம் 20 மில்லிமீட்டர். ஒரு ரூபாய்க் காசு ஏறத்தாழ 22. அளவு நெருங்கினாலும் விளைவு வேறு. வயிற்றை அடைந்த காசு பெரும்பாலும் சில நாளில் மலத்தோடு வெளியேறிவிடும். அது எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ்ரே சொல்லும். உணவுக்குழலில் சிக்கிய பேட்டரியோ ஈரத்தசையின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. எதிர்முனையருகே காரம் உருவாகி 2 மணி நேரத்திற்குள்ளாகவே தசையை அரிக்கத் தொடங்குகிறது. தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும்.

மதுரையில் செவிலியராக இருக்கும் என் அக்கா தொலைபேசியில் சொன்னார்: “சோறும் பழமும் வேண்டாம், வாந்தி எடுக்க வைக்காதே. வீட்டில் தேன் இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி கொடு, ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் தேடிக் கடைக்குப் போகாதே, ஆஸ்பத்திரிக்குப் போ.” தேன் அரிப்பைத் தணிக்கிறது என்பதைப் பன்றிக்குட்டிகளில் செய்த சோதனை 2018-இல் காட்டியது. ஒரு வயதைக் கடந்த, விழுங்க முடிகிற குழந்தைக்கு, 12 மணி நேரத்துக்குள் மட்டுமே இது பொருந்தும். மருத்துவமனையில் அந்தத் தாய் சொன்ன முதற்சொல் ‘பேட்டரி’. எக்ஸ்ரேயில் காசுக்கு இல்லாத இரட்டை வளையம் தெரிந்தது. அன்றிரவே உள்நோக்கிக் கருவியால் எடுத்துவிட்டார்கள். சில நாள் கழித்துக் குழந்தை வீடு திரும்பியது.

இந்நிகழ்வை எண்ணிப் பார்க்கையில், அங்கே சிகிச்சைக்குப் பெருந்தடையாக நின்றது அறியாமையைவிட அச்சம் என்றே தோன்றுகிறது. குழந்தையைத் தவிர நடந்ததை அறிந்தவர் ஒருவரே. அவருடைய வாயைத்தான் அந்த வீடு அடைத்துக்கொண்டிருந்தது. “எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?” என்பது நம் வீடுகளிலும் முதலில் எழும் கேள்விதான். கேட்க வேண்டியவை வேறு: என்ன பொருள், எத்தனை, எப்போது? ‘எத்தனை’ என்பதும் முக்கியம். இரண்டு காந்தத் துண்டுகள் குடலின் மடிப்புகளுக்கு இருபுறமிருந்தும் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். பேட்டரி, காந்தம் என்ற ஐயம் எழுந்தாலே, குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே புறப்பட வேண்டும். அதேபோன்ற பொருளோ, அது வந்த பெட்டியோ கிடைத்தால் கையோடு எடுத்துச்செல்லுங்கள். நடந்ததை அறிந்தவரையும் ஏசாமல் உடன் அழைத்துச்செல்லுங்கள்.