பஸ் வாந்தியையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போவதற்குள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் அக்காவும் அந்த ரகம்தான். அவளுக்கு மூளையில் கட்டி, ஆபரேஷன். முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர், "பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?" என்று கேட்டார். அவரே காரணமும் சொன்னார்.

பயண வாந்தி உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மயக்கம் தெளியும்போது வாந்தி வரும் வாய்ப்பு அதிகம். மற்ற பல ஆபரேஷன்களில் அது பெரும்பாலும் அவஸ்தையோடு போய்விடும். மூளை ஆபரேஷனிலோ குமட்டி எக்கும்போது தலைக்குள் அழுத்தம் ஏறும், ரத்தம் கசியவும்கூடும். அதனால் ஆன்டான்செட்ரான், டெக்சாமெதாசோன் போன்ற ஊசிகளை ஆபரேஷனின்போதே போட்டுவிடுகிறார்கள். அக்கா வாந்தியில்லாமல் கண் விழித்தாள்.

நர்ஸ் சொல்லும்வரை ஒரு வாய் தண்ணீரும் கொடுக்காதீர்கள். குமட்டினால், 'மயக்க மருந்துதானே' என்று இருந்துவிடாமல் உடனே கூப்பிடுங்கள்.