இருவரும் ஒருவரே

எங்கள் வீட்டு நகைகள் பீரோவில் இருக்கின்றன. பீரோ சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஆனால், பரணில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதை என் மனைவியைத் தவிர யாரும் தொடக் கூடாது. உள்ளே தங்கம் இல்லை. காகிதம்!

என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. நான் அம்பத்தூர்க்காரன். அவளும் தமிழ், நானும் தமிழ். அவள் ஊர்க் கோயிலிலும் முருகன், எங்கள் தெருமுனையிலும் முருகன். "நம்ம பாஷை பேசறா, நம்மள மாதிரியே விபூதி வெச்சுக்கறா, இவ எப்படிடா ஃபாரினர்?" என்று அம்மா பல நாள் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல். அம்பத்தூரிலிருந்து மகாபலிபுரம் அதைவிட தூரம். ஆனால், அந்தக் கடலைத் தாண்டி வந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டால், நீங்கள் அரசாங்கத்தையும் சேர்த்துக் கல்யாணம் செய்துகொள்கிறீர்கள்!

கதை 2013-ல் தொடங்கியது. அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். துணைக்கு மகள். எங்கள் வீட்டு மாடி போர்ஷனுக்கு மூன்று மாதம் குடிவந்தார்கள். வாடகைக்கு வெளிநாட்டவரைத் தங்கவைத்தால், 24 மணி நேரத்துக்குள் 'சி படிவம்' நிரப்பித் தகவல் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஓட்டல்காரர்களுக்குத் தெரியும், நம்மைப் போன்ற மாடி போர்ஷன்காரர்களுக்குத் தெரியாது. ஆபீஸ் நண்பர் எச்சரித்ததும் அப்பா என்னை மாடிக்குத் துரத்தினார். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், எங்கிருந்து வருகிறார், எங்கே போகப்போகிறார்... எல்லாவற்றையும் அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். மற்றவர்கள் காதல் கடிதம் எழுதுவார்கள். நான் எழுதியது சி படிவம்.

'எங்கே போகப்போகிறார்' என்ற கட்டத்தில் 'யாழ்ப்பாணம்' என்று எழுதினேன். பின்னாளில் அது தப்பாகிப்போனது.

2014-ல் கல்யாணம் என்று முடிவானது. 1954-ம் வருட சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்துகொள்ளுங்கள், வெளிநாட்டு விவகாரத்துக்கு அதுதான் தெளிவு என்றார் ஒரு வக்கீல். இருவரில் ஒருவராவது அந்த வட்டாரத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது 30 நாள் அறிவிப்புப் பலகையில் தொங்கும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். அப்புறம் மூன்று சாட்சிகள் முன்னால் கையெழுத்து. அவள் மணமாகாதவள் என்று இலங்கையிலிருந்து ஒரு சான்றிதழும் கேட்டார்கள். எல்லாம் வந்தது. கையெழுத்துப் போட்டோம். மாமாக்கள் மூன்று பேர் சாட்சி. ஜாங்கிரி, காராபூந்தி, காபி.

வீட்டுக்கு வந்து சான்றிதழைப் பிரித்துப் பார்த்தவள், "இஞ்ச பாருங்கோ, இது நானில்லை" என்றாள்.

விஷயம் இதுதான். தமிழில் எழுதினால் அவள் பெயர் எங்கேயும் ஒரே பெயர்தான். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வம்பு. நாம் 'டி' போடுகிற இடத்தில் அவர்கள் 'டி.எச்.' போடுவார்கள். நாம் 'எஸ்' போடுகிற இடத்தில் அவர்களுக்கு 'எஸ்.எச்.'. பாஸ்போர்ட்டில் யாழ்ப்பாண எழுத்துக்கூட்டல். திருமணச் சான்றிதழில், பழக்க தோஷத்தில், சென்னை எழுத்துக்கூட்டல். போதாததற்கு என் இனிஷியல். நம் ஊரில் இனிஷியல் என்பது அப்பா. விசா விண்ணப்பத்துக்கோ 'குடும்பப் பெயர்' வேண்டும். எனக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைக் கடைசியில் போட்டேன். ஆக, காகிதத்தில் அவளும் இரண்டு பேர், நானும் இரண்டு பேர். நாலு பேருக்குக் கல்யாணம்!

நோட்டரியிடம் ஓடினேன். 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் அவர் தட்டச்சு செய்து கொடுத்தார். இன்ன பெயர் கொண்டவரும் இன்ன பெயர் கொண்டவரும் 'இருவரும் ஒருவரே' என்று சத்தியப் பிரமாணம். கல்யாணத்தில் ஐயர் சொல்ல வேண்டிய வாக்கியம்! எங்களுக்கு நோட்டரி சொன்னார். அந்தக் காகிதம் இன்னும் டின்னில் இருக்கிறது.

அடுத்து, விசா. இந்தியரின் மனைவி அல்லது கணவருக்குக் கொடுப்பதற்கு 'எக்ஸ் விசா' என்று ஒன்று உண்டு. சுற்றுலா விசாவில் வந்தவர் கல்யாணமானதும் அதற்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். அதற்கு ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருக்கும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அம்பத்தூரில் ரயிலேறி சென்ட்ரல், ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன், மறுபடி ரயில், நுங்கம்பாக்கம், அங்கிருந்து ஆட்டோ. வரிசையில் எங்களோடு ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனிக் கொரியர்கள், ஆப்பிரிக்க மாணவர்கள், ஆசிரமத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பாட்டி. நடுவில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு என் மனைவி. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கா சார் விசா?" என்று கேட்டார். அவளை யாரும் சந்தேகப்படவில்லை!

வாய் திறந்தால்தான் சந்தேகம். "கேரளாவாம்மா? நாகர்கோவிலா?" என்பார்கள். "யாழ்ப்பாணம்" என்றதும் ஒரு சின்ன மௌனம். அப்புறம் "அடடா" என்பார்கள். அந்த 'அடடா'வுக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

வீட்டுக்கு போலீஸ் விசாரணையும் வந்தது. சேர்ந்துதான் வாழ்கிறோமா என்று பார்க்க வேண்டுமாம். வந்த கான்ஸ்டபிள் மிகவும் சங்கோஜப்பட்டார். எதிர்வீட்டு மாமியிடம், "இவங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்களா?" என்று கேட்டார். மாமி, "தினம் சண்டை சத்தம் கேக்குதே, அப்புறம் என்ன?" என்றாள். இதைவிட நல்ல சாட்சி உண்டா?

இதுவரை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்வது அப்படி இல்லை.

2015. அவள் கர்ப்பமாக இருந்தாள். ஆகஸ்ட் கடைசியில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜூன் மாதம் ஒருநாள் ராத்திரி, விசா நீட்டிப்புக்காகக் காகிதங்களை அடுக்கும்போதுதான் பார்த்தேன். அவளுடைய பாஸ்போர்ட்டே ஆகஸ்ட் 10-ம் தேதியோடு முடிகிறது! விசாவும் அதே நாள்தான். பாஸ்போர்ட் இல்லாமல் விசாவை நீட்டிக்க முடியாது. புதிய பாஸ்போர்ட்டுக்கு சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்தால், அது கொழும்பிலிருந்து வரவேண்டும். தப்பு யாருடையதும் இல்லை, என்னுடையதுதான். விசா தேதியையே பார்த்துக்கொண்டிருந்த நான், பாஸ்போர்ட் தேதியைப் பார்க்கவில்லை.

"நாலு நாள் தாமதமானா அபராதம் கட்டிட்டாப் போச்சு" என்று அசட்டுத் தைரியத்தோடு வக்கீலிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அபராதம் இல்லை சார் விஷயம். உங்க குழந்தை" என்றார்.

குடியுரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். 2004 டிசம்பர் 3-ம் தேதியிலிருந்து இந்தியாவில் பிறக்கும் குழந்தை, பிறப்பால் இந்தியக் குடிமகனாக வேண்டுமென்றால் பெற்றோர் இருவரும் இந்தியர்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராக இருந்து, மற்றவர் அந்தப் பிறப்பின்போது 'சட்டவிரோதக் குடியேறி'யாக இல்லாமல் இருக்க வேண்டும். சட்டவிரோதக் குடியேறி என்றால், கள்ளத்தோணியில் வந்தவர் மட்டும் இல்லை. முறைப்படி வந்து, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிவிட்டவரும்தான்.

புரிகிறதா உங்களுக்கு? ஆகஸ்ட் 10-க்குள் காகிதம் வராவிட்டால், ஆகஸ்ட் கடைசியில் அம்பத்தூரில் பிறக்கும் என் குழந்தை யார் என்பதே கேள்வியாகிவிடும்!

அந்த இரண்டு மாதங்கள் நான் தூங்கவில்லை. அவளிடம் முழுசாகச் சொல்லவும் இல்லை. ஆனால், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "வயித்தில இருக்கிறதுக்குச் சொல்லிப்போட்டன், அவசரப்படாதை எண்டு. பாஸ்போட்டுக்கு ஆர் சொல்லுறது, கெதியா வா எண்டு?" என்றாள் ஒருநாள். ஜூலை கடைசியில் புதிய பாஸ்போர்ட் வந்தது. ஹாடோஸ் ரோடுக்கு ஓடினோம். ஆகஸ்ட் 7-ம் தேதி நீட்டிப்பு கிடைத்தது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியிறங்கியவள், கீழே வந்ததும் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். ஆகஸ்ட் 31-ம் தேதி பையன் பிறந்தான்.

பிறகு நிலைமை மெள்ளச் சீரானது. இந்தியரை மணந்து, பதிவு செய்து, இரண்டு வருடம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தால் வெளிநாட்டவரான துணைவர் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2017-ல் அவளுக்குக் கிடைத்தது. வருடாந்தர வரிசை ஒழிந்தது. 2018-ல் அந்த வரிசையே இணையத்துக்குப் போய்விட்டது. அதே வருடம் அம்பத்தூர், திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. வீடு ஒரு அங்குலம் நகரவில்லை, முகவரி மட்டும் நகர்ந்தது! விசா வைத்திருந்த காலத்தில் இது நடந்திருந்தால், இன்னொரு சத்தியப் பிரமாணம் தேவைப்பட்டிருக்குமோ என்னவோ.

ஓ.சி.ஐ. என்றால் குடியுரிமை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது. முக்கியமான இன்னொன்று: மனைவி என்ற முறையில் கிடைத்த அட்டை, விவாகரத்தானால் ரத்தாகலாம். அதாவது, அவள் இந்த ஊரில் இருக்கும் உரிமையின் ஒரு நுனி என் கையில் இருக்கிறது. இதை எண்ணிப் பார்த்த நாளிலிருந்து, சண்டையில் "உங்க ஊருக்கே போ" என்ற வார்த்தையை நான் சொன்னதில்லை. சாதாரணக் கணவன் சொல்லலாம், மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் அம்மா வீட்டுக்குப் போவாள். நான் சொன்னால், அதற்கு அர்த்தம் வேறு.

'ஏழு வருஷம் ஆயிடுச்சே, குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாமே?' என்று நீங்கள் கேட்கலாம். விண்ணப்பிக்கலாம். ஆனால், இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இலங்கைக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். அங்கே அவளுடைய அம்மா தனியாக இருக்கிறார். "அம்மா இருக்கும் மட்டும் வேண்டாமப்பா" என்கிறாள். நான் வற்புறுத்துவதில்லை.

போன மாதம் அவளுடைய சிநேகிதி பூந்தமல்லியிலிருந்து வந்திருந்தார். 1990-ல், ஒன்பது வயதில், படகில் வந்தவர். அகதியாக போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்துகொண்டு, முகாமுக்கு வெளியே வளர்ந்தவர். கணவர் நம் ஊர்க்காரர், ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் 2003-ல் பிறந்தான், அப்போதைய சட்டப்படி அப்பா இந்தியர் என்பதே போதும், அவன் இந்தியன். இளையவள் பிறந்தது 2006-ல். அதற்குள் சட்டம் மாறிவிட்டது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்த அம்மா, அரசின் கணக்கில் சட்டவிரோதக் குடியேறி. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே ஆஸ்பத்திரி. அண்ணன் இந்தியன். தங்கை?

நர்ஸிங் முடிக்கப்போகிற அந்தப் பெண்ணுக்கு பாஸ்போர்ட் எடுக்க முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் போய் 2022-ல் உத்தரவு வாங்கி, 2024 தேர்தலில் திருச்சியில் ஓட்டே போட்டார். ஆனால், அவர் பிறந்தது 1987 ஜூலைக்கு முன்னால். அப்போது இங்கே பிறந்தாலே போதும். 2019 திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 2025-ல் வந்த உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் காகிதம் இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்கிறது. பெரிய ஆறுதல்தான். ஆனால், தண்டனை இல்லை என்பது வேறு, குடிமகள் என்பது வேறு. ஒரு நல்ல வக்கீலைப் பார்க்கச் சொல்லி, எங்கள் வக்கீலின் நம்பரைக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

அவர் கிளம்பும்போது பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, என்னிடம் காட்டிய காகிதத்தை மறுபடி அதற்குள் வைத்தார். மடித்து மடித்து நாலாகக் கிழியப்போகிற ஒரே ஒரு பதிவுச் சீட்டு. 35 வருட வாழ்க்கைக்கு அது ஒன்றுதான்.

அன்று ராத்திரி என் மனைவி பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினாள். ஒவ்வொரு காகிதமாக எடுத்துத் துடைத்து, மறுபடி அடுக்கினாள். "இவ்வளவு பேப்பரோ எண்டு எத்தினை தரம் அலுத்திருப்பன். இனி அலுக்க மாட்டன்" என்றாள்.

பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டாம்ப் பேப்பரை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இருவரும் ஒருவரேன்னா என்னப்பா?" என்று கேட்டான்.

"அது உங்க அம்மாவோட பேருடா" என்றேன்.