எங்கே அடிப்பது?

மீனைப் பார்த்தவுடன் அது என்ன தின்னும் என்று சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தது ஆயா. காசிமேட்டில் அன்னக்கூடை வைத்து மீன் விற்றவர். பள்ளி விடுமுறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுவது என் வேலை. “வாய் எங்க கீதுன்னு பாரு. கீழ இருந்தா தரையத் துழாவித் துன்றது. மேல பாத்த வாயின்னா மேல வர்றதப் புடிக்கிறது” என்பார். திருக்கையைப் புரட்டிக் காட்டுவார். கண் முதுகில், வாய் வயிற்றில். நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம். பிறக்கும்போது ஆளுக்கொரு பக்கமாகத்தான் இருக்கும், வளர வளர ஒரு கண் நகர்ந்து மறுபக்கம் போய்விடும் என்பதைப் பல வருடம் கழித்துப் புத்தகத்தில் படித்தேன். மணலில் ஒருக்களித்துப் படுத்தே வாழ்கிற மீனுக்குத் தரைப்பக்கம் கண் எதற்கு?

இப்போது என் பிழைப்பே அதுதான். வீடியோ கேம்களுக்கு விலங்குகளையும் அரக்கர்களையும் வரைகிறேன். கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் என்று பெயர். அம்மா பக்கத்து வீட்டில் “கம்ப்யூட்டர்ல பேய் படம் போடுறான்” என்று சொல்வார். அதுவும் சரிதான்.

வேலை எப்படி நடக்கும் என்றால், முதலில் உள்விவரம் எதுவும் இல்லாமல் கறுப்பு நிழலுருவமாக இருபது முப்பது வரைவோம். ஆடுபவர் அரை நொடியில் அடையாளம் காண வேண்டும்: இது என்ன, எந்தப் பக்கம் ஆபத்து, எங்கே அடிப்பது. பெரிய எதிரி என்றால் அடிக்க ஓர் இடம் கட்டாயம் வேண்டும். நெஞ்சில் மின்னும் கல், முதுகில் திறக்கும் ஓடு, இப்படி ஏதாவது. ஆயா வாயைப் பார்த்து மீனைப் படித்தார். நாங்கள் சாகும் இடத்தைப் பார்த்து விலங்கைப் படிக்கிறோம்.

இந்த வேலைக்கு வர ஆசை வந்தது ராயபுரத்தில் ஒரு கேம் சென்டரில். மணிக்கு பத்து ரூபாய். அங்கே ஒருநாள் ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ போட்டார்கள். ஃபுமிட்டோ உவேடா இயக்கி 2005-இல் வந்த ஜப்பானிய விளையாட்டு. மொத்தமே பதினாறு பிரம்மாண்ட உருவங்கள்தான் எதிரி. வழியில் வெட்டித்தள்ளச் சில்லறை எதிரிகள் கிடையாது. ஒவ்வொன்றின் மீதும் மயிரைப் பிடித்து ஏறி, ஒளிரும் இடத்தில் வாளைச் செருக வேண்டும். ஆனால் அது விழும்போது வெற்றி முழக்கம் வராது. ஒப்பாரிபோல ஓர் இசை வரும். பாலைவனத்தில் பறக்கும் ஒன்று நாம் அடித்தாலும் திருப்பி அடிக்காது. அதைக் கொன்ற அன்று பாக்கி அரை மணி நேரத்தை ஆடாமல் எழுந்து வந்துவிட்டேன். காசு வீண்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெளிநாட்டு விளையாட்டுக்கு வேலை வந்தது. கேட்டது ஒற்றை வரி: நச்சு ஆற்றிலிருந்து எழும் அரக்கன். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வளர்ந்த பக்கத்தில் அதற்கு மாதிரிக்கா பஞ்சம்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி எண்ணூர்க் கழிமுகம் கறுத்துப் போனது. அப்போது எண்ணெயில் தோய்ந்த கூழைக்கடாக்களின் படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. அவற்றைத் திரையில் வரிசையாக வைத்துக்கொண்டு வரைந்தேன். ஒட்டிப்போன கறுப்பு இறகு, தூக்க முடியாமல் தரையில் இழுபடும் சிறகு, அலகுக்குக் கீழே கிழிந்து தொங்கும் பை. அந்தப் பைக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தணல். அங்கேதான் அடிக்க வேண்டும். நன்றாக வந்திருந்தது. அனுப்பிய அன்றே ‘ஓகே’ ஆகிவிட்டது.

அந்த வாரம் எண்ணூர் மாமா, பேத்தியின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்தார். அம்மாவின் தம்பி. அந்த டிசம்பரில் மற்றவர்களோடு சேர்ந்து பக்கெட்டிலும் மக்கிலும் எண்ணெயை மொண்டவர். 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியபோதும் இதே பக்கெட்தான். திரையில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூழக்கடாதானே இது?”

“ஆமா மாமா.”

“இத்த இன்னா பண்ணுவாங்க?”

“அடிச்சுக் கொல்லணும். அதுதான் ஆட்டம்.”

“எண்ண பட்டத எதுக்குடா அடிக்கணும்? அதுவே செத்துப்பூடுமே” என்றார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் சொன்னது உண்மைதான். எண்ணெய் பட்டால் இறகு தண்ணீரைத் தடுக்காது, உடம்புச் சூடும் நிற்காது. பறவை தன்னைச் சுத்தம் செய்ய அலகால் கோதும். கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். ஆற்றைக் கெடுத்தது எதுவோ, அதன் முகத்தை நான் வரையவில்லை. அடிபட்டதற்கு அரக்கன் வேஷம் போட்டு, அடிக்க வேண்டிய இடத்தையும் காட்டிக் கொடுத்திருந்தேன்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். 1954 மார்ச்சில் அமெரிக்கா பிகினித் தீவில் ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் ‘காட்ஸில்லா’ திரைக்கு வந்தது. ஒரு கப்பல் ஒளியில் எரிந்து மூழ்குவதில்தான் படம் தொடங்கும். அந்த மிருகம் குண்டுக்குப் பலியானதும்கூட. ஊருக்குள் நடந்து வந்ததே ஒரு புகார்தான். பிற்பாடு வந்த விளையாட்டுகள் பலவும் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புகாரை விட்டுவிட்டன. நானும் அதையே செய்திருந்தேன்.

காதுகுத்துக்குப் போன மறுநாள் மாமா என்னைக் கழிமுகத்துக்கு அழைத்துப்போனார். முழங்கால் தண்ணீரில் இறங்கும் முன்பே “செருப்பக் கழட்டாத” என்றார். கீழே மண்ணே தட்டுப்படவில்லை. ஓடு, ஓட்டின் மேல் ஓடு. கைநிறைய அள்ளிக் காட்டினார். விரல் நீளம்கூட இல்லாத கறுப்புச் சிப்பிகள், நார்நாராக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு. “காக்கா ஆழி” என்றார். தென்னமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த சிப்பி. கப்பல்கள் எடை சமன் செய்ய நிரப்பிக் கொட்டும் நீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆற்றின் அடியைப் பாய் விரித்ததுபோல மூடிவிடும். மண்ணுக்குள் வாழும் மஞ்ச மட்டி மூச்சுவிட முடியாது, இறால் புதைய இடமிருக்காது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களின் விரல்களை ஓடு கிழிக்கும்.

நான் வரைந்தது அரக்கனே இல்லை என்று அங்கே நின்றபோது தெரிந்தது. கெட்ட ஆறு பெரிதாக எதையும் எழுப்புவதில்லை. சின்னதாக ஒன்றைக் கணக்கில்லாமல் பெருக்குகிறது. அதற்குக் கோபம் இல்லை, கர்ஜனை இல்லை. யாரையும் துரத்துவதும் இல்லை. இருக்கிற இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அதை வரைந்தேன். தரை முழுக்க ஓடு. ஆடுபவர் நிற்கும் இடம் ஒவ்வொரு நிமிடமும் சுருங்கிக்கொண்டே வரும். எதிரி என்று தனியாக எதுவும் கிடையாது. இரண்டு நாளில் பதில் வந்தது. நிழலுருவம் படிக்க முடியவில்லை, எங்கே அடிப்பது என்று ஆடுபவருக்குத் தெரியாது, பழையதையே வைத்துக்கொள்ளலாம்.

தொழிலாக அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நானே புதுப் பையன்களிடம் அதைத்தான் சொல்வேன். ஆனால் மாமாவுக்கும் எங்கே அடிப்பது என்று தெரியாமல்தான் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. எண்ணெய் ஒரு பக்கம், அனல்மின் நிலையச் சாம்பல் ஒரு பக்கம், சுடுநீர் ஒரு பக்கம், இப்போது சிப்பி. மின்னுகிற கல் எதிலும் இல்லை.

கடைசியாக ஒன்று மட்டும் கேட்டேன். கூழைக்கடா இருக்கட்டும். ஆனால் ஆடுபவர் முதலில் அடிக்கும்வரை அது அடிக்கக் கூடாது. தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து தன் இறகைக் கோதிக்கொண்டிருக்கட்டும். அதிகச் செலவு இல்லாத மாற்றம் என்பதால் ஒப்புக்கொண்டார்கள்.

விளையாட்டு இன்னும் வெளிவரவில்லை. வந்ததும் மாமாவை உட்காரவைத்து ஆடச் சொல்ல வேண்டும். அடிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அடிக்காவிட்டால் ஆட்டம் அதற்கு மேல் நகராது. அதையும் அவரிடம் சொல்லியாக வேண்டும்.