நான் எழுதத் தொடங்கின ஊசிச் சீட்டு

இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். தப்பு என் பேர்லயும் இருக்கு.

போன மாசம் நைட் டியூட்டி. மணி ரெண்டு இருக்கும். எழுபது தாண்டின ஒரு பெரியவரை ஆட்டோவுல கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு கையையும் பழைய சேலையால கட்டியிருந்தாங்க. மணிக்கட்டுல தோல் உரிஞ்சிருந்தது.

"மறதி வியாதி சார், நாலு வருஷமா. ரெண்டு நாளா ஒரே கத்தல், அடிக்க வர்றார். தூங்குற மாதிரி ஊசி ஏதாவது போடுங்க" என்றார் மகன். அவரே தூங்கி ரெண்டு நாள் ஆகியிருக்கும், கண்ணு அப்படி சிவந்திருந்தது.

நானும் சீட்டு எழுத ஆரம்பிச்சுட்டேன். வெளியே பத்து பேர் நிக்கிறாங்க. 'மறதி வியாதி'ன்னு காதுல விழுந்ததுமே நான் கேள்வி கேட்கிறதை நிறுத்திட்டேன்.

சிஸ்டர்தான், "சார், வயித்தைத் தொட்டுப் பாருங்க"ன்னாங்க. தொப்புள் வரைக்கும் உப்பிக் கெட்டியா இருந்தது. மூத்திரம் அடைச்சிருக்கு. ட்யூப் போட்டதும் ஒன்றரை லிட்டர் கிட்ட வந்துச்சு. பாதி வடியறதுக்குள்ள கத்தல் நின்னுடுச்சு. கட்டை அவிழ்த்தோம். தூங்கிட்டார். அந்த ஊசியைப் போடவே இல்ல.

விசாரிச்சா, சளிக்கு மெடிக்கல்ல வாங்கின மாத்திரை. ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கிறவங்களுக்குச் சில சளி மாத்திரைகள் இப்படி மூத்திரத்தை அடைச்சுடும். ரெண்டு நாளா மனுஷன் வலிக்குதுன்னுதான் சொல்லிட்டு இருந்திருக்கார். வார்த்தை வரல, அவ்வளவுதான்.

மகன் கேட்டார்: "அப்போ வலியில கத்தினவரையா சார் கட்டிப் போட்டேன்?" மாடிப்படியில விழுந்துருவாரேன்னுதான் கட்டியிருக்கார். சொந்தக்காரங்க வர்றதை நிறுத்தி வருஷமாச்சாம். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நானும்தானே சீட்டு எழுதிட்டு இருந்தேன்.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. டிமென்ஷியா பெரும்பாலும் மாசக்கணக்கா, வருஷக்கணக்காதான் முத்தும். ரெண்டு மூணு நாள்ல ஆளே மாறிட்டாருன்னா வேற ஏதோ நடக்குது. மூத்திரத் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், சர்க்கரை குறையறது, சோடியம் குறையறது, புது மாத்திரை, எப்பவோ விழுந்ததுல தலைக்குள்ள ரத்தக்கசிவு. இந்தத் திடீர் குழப்பத்துக்குப் பேர் டெலிரியம். பல நேரம் சரி பண்ணக்கூடியது.

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் இதே கதிதான். நெஞ்சுவலின்னு வருவாங்க. பழைய சீட்டைப் பார்த்ததும் 'ஓ, அந்தக் கேஸா'ன்னு ஒரு குரல். இதுக்கு மருத்துவத்துல 'டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்'னு பேரே இருக்கு. பேர் வைக்கிற அளவுக்கு நாங்க இதைச் செய்யறோம்.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. கொட்டகையில சங்கிலியால கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில இறந்தாங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 95, சங்கிலி போடுறதையே தடை பண்ணியாச்சு. வீடுகள்ல சங்கிலிக்குப் பதிலா சேலை.

கட்டத்தான் வேணும்னு தோணுற அளவுக்கு நிலைமை போனா, அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. 'டிமென்ஷியா'ன்னு மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க. போன வாரம் எப்படி இருந்தார், என்னைக்கு மாறினார், கடைசியா எப்போ மூத்திரம் போனார், என்ன மாத்திரை புதுசுன்னு சொல்லுங்க. டாக்டர் நிமிர்ந்து பார்க்காம எழுதினா, "ஒரு தடவை தொட்டுப் பாருங்க சார்"னு கேளுங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

பார்த்துக்கிறவங்க நீங்க உடைஞ்சு போயிருந்தா 14416, டெலி மானஸ். இலவசம், ராத்திரியும் எடுப்பாங்க. அந்த மகனுக்கும் இந்த நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தேன், அதே சீட்டோட பின்பக்கத்துல.